மெதுவாகக் குடிக்கும் வண்டி

பங்கில் பெட்ரோல் குழாயின் முனையில் இருக்கிற கன்னை டேங்க் வாயில் செருகி அழுத்தினால் ஒரு மிடறு இறங்கும். உடனே டக்கென்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் இன்னொரு மிடறு, மறுபடி டக். டேங்க் நிறைந்ததும் பெட்ரோல் வழியாமல் தானாக நிற்பதற்காகக் கன்னுக்குள்ளேயே வைத்திருக்கிற ஏற்பாடு அது. ஆனால் என் வண்டியில் பெட்ரோல் முள் அடிக்கோட்டின் மேல் படுத்துக் கிடந்தது. காலி வயிற்றை வைத்துக்கொண்டு போதும் போதும் என்று கையாட்டுகிற விருந்தாளியைப் போல இருந்தது வண்டி.

"இன்னாண்ணா இது, குடிக்கவே மாட்டேங்குது?" என்றாள் பங்கில் பெட்ரோல் போடும் பெண். பங்கின் நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். கன்னை வெளியே எடுத்துப் பார்த்தாள், திருப்பிச் செருகினாள். டக்.

பின்னால் வரிசை நீண்டது. மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவர், "இன்னா தலைவா, டேங்க்ல பஞ்சு அடைச்சி வச்சிக்கிறியா?" என்று கத்தினார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் எனக்குக் காது சூடாகிவிடும். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம் என்றால், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது இன்னொரு காரணம்.

"போதும்மா," என்று சொல்லிவிட்டு, இறங்கிய வரைக்கும் போதுமென்று கிளம்பிவிட்டேன்.

நான் திருவண்ணாமலையில் சொந்தமாக ஒரு பழைய வாடகைக் கார் வைத்து ஓட்டுகிறவன். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்குகிறவர்கள்தான் எனக்குச் சவாரி. அவர்களில் பல பேர் திரும்பத் திரும்ப என்னையே கூப்பிடுவார்கள். நான் பேசாமல் ஓட்டுவேன் என்பதுதான் அதற்குக் காரணம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் என் மௌனத்தில் ஏதோ இருக்கிறது என்று கைகூப்பிக்கூடப் போனார். எனக்குப் பேச வராது, அவ்வளவுதான்.

டேங்க் நிறையாதது வேறு எந்தச் சமயத்திலாவது நடந்திருந்தால் நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அப்போது என் மகள் வீட்டில் இருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்புச் செய்து அழைத்து வந்திருந்தோம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டு முறையும் தங்கவில்லை. இரண்டாவது தடவை அவள் எங்களிடம் சொல்லக்கூட இல்லை, எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. இந்த முறை வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டிருந்தோம். அங்கிருந்த டாக்டரம்மா என்னையும் உள்ளே கூப்பிட்டு, "எந்த நேரத்துல என்ன தொந்தரவுன்னாலும் யோசிச்சிக்கிட்டு உக்காராதீங்க. நேரா இங்க கூட்டினு வந்துடுங்க," என்று சொன்னார். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. வாரம் ஒருமுறை வருவார். கார் வைத்திருக்கிற தகப்பன் வீட்டில் பெண் இருக்கிறாள் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே தைரியம். அந்தக் கார்தான் இப்படி வாயை மூடிக்கொண்டது.

இது ஆரம்பித்ததற்குக் கொஞ்சம் முன்பு நான் படுக்கையில் இருந்தேன். வளைகாப்பு முடிந்த கையோடு எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கீழாநெல்லியும் மோர்ச்சோறுமாக நாட்கள் போயின. தெருவில் புங்கமரத்தடியில் நிற்கும் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்தபடி கிடப்பேன். அது பங்குனி வெயில். மரம் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி மேல் பொரி கொட்டியது போல் பூ. என் கண்ணுக்கு எல்லாமே கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. வெள்ளை வண்டி சந்தனம் பூசிக்கொண்டது போல் இருந்தது. அதற்குப் பின்னால் மலையும் காய்ந்த மஞ்சள். பாதித் தூக்கத்தில் அடிக்கடி ஒரு ரீங்காரம் கேட்கும். கிட்டே வரும், நிற்கும், போய்விடும். யாரும் தொடாமலே வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிச் சும்மா ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். சரி ஓடட்டும் என்று திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

எழுந்து நடமாட ஆரம்பித்து, வண்டியை எடுத்துக்கொண்டு போன முதல் நாளே பங்கில் அந்த டக்.

பங்கை மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் அப்படியே. கார் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டேங்க் அடியில் கல் பட்டு நசுங்கியிருக்கும் என்றார் ஒருவர். எலி நுழைந்திருக்கும் என்றார் இன்னொருவர். "உனக்குத்தான் மஞ்சக்காமாலைன்னு நெனச்சேன், வண்டிக்கும் பத்தியமா?" என்று கேட்டவரும் உண்டு. எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் பாய், டேங்க் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளே இருக்கும் தகட்டு மூடியைத் தட்டிவிட்டு, காற்று அடித்துச் சுத்தம் செய்து அனுப்பினார். போய்ப் போட்டேன். டக்.

இன்னொன்றும் கவனித்தேன். டேங்க் மூடியைத் திறக்கும்போதெல்லாம் 'உஸ்'ஸென்று நீளமாக ஒரு மூச்சு. நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மாதிரி.

அதை வீட்டில் சொன்னபோது, மகள் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து, வயிற்றின் மேல் போனை நிறுத்திவைத்துக்கொண்டு தேடினாள். அவள் டிகிரி வரை படித்தவள்.

"அப்பா, பெட்ரோல் உள்ள போவணும்னா உள்ள இருக்குற காத்து வெளிய வரணுமாம். அதுக்குத் தனியா ஒரு குழாய் இருக்குமாம். அது அடைச்சிக்கிட்டா இப்படித்தான் ஆவுமாம்."

"எங்க இருக்குமாம்?"

"பின் சக்கரத்துக்கிட்ட, அடியில. பாய வந்து பாக்கச் சொல்லு."

மறுநாள் காலையில் பாய் எங்கள் தெருவுக்கே வந்தார். புங்கமரத்தடியில் வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, கோணிப்பையை விரித்து அடியில் போனார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.  அப்புறம் அவர் சிரிப்பது கேட்டது.

"அண்ணா, இங்க வந்து பாருங்க. நீங்க படுத்துக்கினு இருந்த நேரத்துல உங்க வண்டில யாரோ வூடு கட்டிக் குடி வந்துட்டாங்க."

நானும் தரையில் படுத்து எட்டிப் பார்த்தேன். விரல் பருமனுள்ள கறுப்புக் குழாய் ஒன்று சக்கரத்துக்குப் பின்னால் தகட்டை ஒட்டி இறங்கி வந்து முடிந்தது. அந்த முனை தெரியவில்லை. குழாயையும் தகட்டையும் சேர்த்துப் பிடித்தபடி ஒரு மண் கூடு இருந்தது. குளவிக் கூடு. ஈர மண்ணை உருட்டி உருட்டி வைத்த வரிகள் ஒன்றன் மேல் ஒன்றாக அழகாகக் காய்ந்திருந்தன. நான் படுக்கையில் கேட்ட ரீங்காரம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது.

"காத்து வர்ற வாயையே பூசி மூடிட்டா பாருங்க," என்றார் பாய். "ஒரு குத்து குத்தினா முடிஞ்சிது. அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க."

எடுத்துக் கொடுக்கப் போனேன். அதற்குள் வாசலிலிருந்து ஒரு சத்தம்.

"பாய், கைய வைக்காதீங்க!"

என் மனைவி. கையெல்லாம் இட்லி மாவு. அவள் தெருவில் நின்று கத்தி நான் கேட்டதே இல்லை. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பாய் அடியிலிருந்து அவசரமாக வெளியே வந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. நான் படுத்திருந்தபோது ஒரு நாள், வண்டி மேல் பூ மக்கிப் போகிறதே என்று கழுவப் போனவள், குளவி மண்ணோடு சக்கரத்துக்குப் பின்னால் நுழைவதைப் பார்த்திருக்கிறாள். தெருமுனைக் குழாயடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் கசியும். அங்கிருந்து மண்ணை எடுத்து வந்து வந்து பூசியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் கழுவுவதை நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

எங்கள் ஊர்ப் பக்கம், வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். மண்ணின் நிறத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்பவர்களும் உண்டு. ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆனால் பிள்ளை பிறக்கிற வரைக்கும் கூட்டைக் கலைக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு.

"முன்ன ரெண்டு வாட்டியும் வூட்ல ஒரு ஈ கூடக் கட்டல," என்றாள் மனைவி. குரல் இறங்கிவிட்டிருந்தது. "இந்த வாட்டிதான் தானா வந்து கட்டியிருக்குது. அதப் போயி குத்தணும்ன்றீங்களே."

"வூட்ல கட்டுனாத்தானே? இது வண்டி," என்றேன்.

"வண்டி யாரு வூட்டு வண்டி?"

பாய் தலையைச் சொறிந்தார். "எங்க வூட்லயும் அம்மா இதத்தான் சொல்வாங்க. கதவு நெலைல கட்டிடுச்சின்னு என் தம்பி பொறக்கற வரைக்கும் அந்தக் கதவ மூடவே வுடல."

"பாய், குழாயோட சேத்து அப்படியே கழட்ட முடியாதா?"

"தகட்டோட ஒட்டிக்கினு கீது அண்ணா. இழுத்தா உதுந்துடும். மேல் முனையக் கழட்டணும்னா டேங்கையே இறக்கணும். அதுலயும் ஆடி உதுந்துடும்." ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "நான் இன்னைக்குக் கைய வைக்கல அண்ணா. நீங்க வூட்ல பேசிக்கினு சொல்லுங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? வழில வண்டி நின்னுட்டா அப்ப குளவி வந்து தள்ளுமா?" என்றேன். நான் அவ்வளவு பேசுவது அரிது. பேசி முடித்ததும் மூச்சு வாங்கியது.

மகள் அதற்குள் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படித்தவள், அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன்.

"இருக்கட்டும்பா," என்றாள்.

"நீயுமா?"

"எனக்கு நம்பிக்கைலாம் இல்லப்பா. ஆனா அத உடைச்சிட்டு, அப்பறம் எதுனா ஆயிடுச்சின்னா, நான் அதையேதான் நெனச்சிக்கினு இருப்பேன். ஆயுசுக்கும்."

 எதிர் வீட்டு ஜன்னல் மெல்ல மூடிக்கொண்டது. பாய் ஜாக்கியை இறக்கும்போது, மாவாட்டும் கல்லை இறக்குகிறவர் போல அவ்வளவு பக்குவமாக இறக்கினார். போகும்போது எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தார். ஓட்டும்போது டேங்க் மூடியை முழுதாக இறுக்காமல் கொஞ்சம் தளர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்றில்லாமல் எஞ்சின் திணறும். பெட்ரோல் போடும்போது கன்னைப் பக்கவாட்டில் திருப்பி, பாதிக்கும் கம்மியாக அழுத்தி, நூல் மாதிரி விட வேண்டும். உள்ளே இருக்கிற காற்று அதே வாய் வழியாக மெல்ல வெளியே வந்துகொள்ளும்.

"டைம் புடிக்கும். ஆனா போவும்," என்றார்.

அப்படித்தான் என் மத்தியானங்கள் தொடங்கின.

வேலூர் ரோட்டில் ஊரைத் தாண்டியிருக்கும் அந்தப் பங்குக்கு, சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லாரும் கண் அசருகிற வேளையில் போவேன். அந்த வேளையில் அங்கே யாரும் வர மாட்டார்கள். நீலச் சட்டைக்காரப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து தூங்கி விழுவாள். முதல் சில தடவை அவளே பிடித்தாள். கட்டை விரல் வலிக்கிறது என்று பிறகு கன்னை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

"ஏண்ணா, இத ரிப்பேர் பண்ணவே மாட்டீங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

ஏனோ அவளிடம் சொல்லிவிட்டேன். குளவியை, மகளை, முன்பு இரண்டு முறை ஆனதை. முன்பின் பழகாத ஒருவரிடம் நான் அவ்வளவு தொடர்ச்சியாகப் பேசியது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். கை வேலையாக இருந்தது, கண் டேங்க் வாயில் இருந்தது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றால் பேச்சு வந்துவிடுகிறது.

அவள் ஸ்டூலை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டாள். அப்புறம், "நான் என் பையனுக்குப் பாலாடைல பால் ஊத்தின மாதிரியே ஊத்துறீங்கண்ணா," என்றாள். "அவனும் இப்படித்தான். ஒரு சொட்டு ஜாஸ்தியா போச்சின்னா துப்பிடுவான்."

அதிலிருந்து என் வண்டி அவளுக்கும் சொந்தமாகிவிட்டது. ஒரு நாள் பின்னால் வந்து நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்தபோது, "யோவ், சத்தம் போடாதய்யா, கொழந்த குடிக்குதில்ல!" என்று அதட்டினாள். அவர் இறங்கி வந்து என் பின் சீட்டை எட்டிப் பார்த்தார். அங்கே துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. ஒன்றும் புரியாமல் திரும்பிப் போய் ஹாரன் அடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அங்கிருந்து மலையைப் பார்த்தால் எங்கள் தெருவில் தெரிகிற மலை இல்லை. எங்கள் பக்கத்தில் அது நிமிர்ந்து ஒற்றையாக நிற்கும். இங்கே தோளைச் சாய்த்துக்கொண்டு வேறு யாரோ போல இருக்கும். பெட்ரோல் இறங்கும்போது டேங்க் வாயிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஆவி எழும்பும். அதன் வழியாகப் பார்த்தால் மலை அசையும். நீருக்கடியில் கிடக்கிற பாறை அசைவது போல, அடியிலிருந்து உச்சி வரைக்கும் மெல்ல நெளியும். நான் விரலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினால் அதுவும் அடங்கும். மலையை நான்தான் விரலில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று ஒரு கணம் தோன்றும். பிறகு கூச்சமாக இருக்கும்.

டேங்குக்குள் விழும் பெட்ரோலின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பழகிவிட்டது. காலியாக இருக்கும்போது தகரத்தில் தூறல் விழுவது போல் தொடங்கும். கொஞ்சம் ஏறியதும் குடத்தில் நீர் சொரிகிற சத்தம். அதற்கும் மேலே சத்தமே இருக்காது. கையில் ஒரு அதிர்வு மட்டும் இருக்கும். அந்த வெயிலில், அந்த வாசனையில், நான் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். குழாயடி ஈரத்திலிருந்து ஒரு உருண்டை மண்ணைக் கவ்விக்கொண்டு தெரு நீளமும் பறந்து வருகிற குளவி அந்தத் தூக்கத்தில் வரும். அது எத்தனை தரம் வந்து போயிருக்கும்? வண்டியை எப்போதோ எடுத்துவிடுவார்கள் என்று அதற்குத் தெரியாது. கட்டி, உள்ளே முட்டை வைத்து, குஞ்சுக்குத் தின்ன வேண்டியதையும் வைத்து, பூசி மூடிவிட்டுப் போய்விட்டது. அப்புறம் நான்தான் அந்தக் கூட்டைச் சுமந்துகொண்டு சவாரி போகிறேன். வேகத்தடையில் என்னை அறியாமல் மெதுவாகப் போனேன். பின் சீட்டுக்காரர்கள் என்னை நல்ல டிரைவர் என்றார்கள்.

வீட்டுக்குப் போனால் மகள் கேட்பாள், "எவ்ளோ குடிச்சுதுப்பா?"

"முக்கா டேங்க்."

"அது?"

"இருக்குது."

டேங்க் முக்கால் இருக்கிறது, கூடும் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். எனக்கும்தான். முக்கால் டேங்க் இருந்தால் வேலூர் போகலாம், வழியில் எங்கும் நிற்க வேண்டாம்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் எனக்கு விமான நிலையச் சவாரி ஒன்று வந்தது. பல வருடமாக என்னையே கூப்பிடும் வயதான அம்மாள். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் ஒத்துக்கொண்டேன். சென்னை போய்த் திரும்பி வந்தபோது பௌர்ணமி காலை விடிந்திருந்தது. முள் அடிக்கோட்டுக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. மத்தியானம் போய் வழக்கம் போல நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி வண்டியை மரத்தடியில் நிறுத்தினேன்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் பை.

"வெடிகாலைலருந்து இடுப்பு வலின்றா. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். கெளம்பி வந்துடுங்கன்றாங்க. எறங்காதீங்க."

நாள் இன்னும் இருந்தது. டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பல நாள் முன்பு. மகள் நெற்றியெல்லாம் வியர்வையோடு வந்து பின் சீட்டில் சாய்ந்தாள். நான் முள்ளைப் பார்த்தேன். மனைவி நான் பார்ப்பதைப் பார்த்தாள். 

பௌர்ணமி அன்று எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நேரம் ஆக ஆக ரோட்டை அடைத்துவிடுவார்கள். காலையிலேயே மலை சுற்ற வந்தவர்கள் செருப்பில்லாமல், துணிப்பையோடு, ரோட்டின் பாதியை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். வெளியூர் வேன்கள் ஒன்றன் பின் ஒன்றாக உள்ளே வந்துகொண்டிருந்தன. நான் எதிர்த்திசையில் ஊர்ந்து ஊர்ந்து ஊரை விட்டு வெளியே வந்தேன். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. வலி வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, விட்டதும் திறந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

வேலூர் வரை தாங்காது. அந்தப் பங்கில்தான் நிற்க வேண்டும். அங்கே நான் ஒருநாளும் பார்க்காத கூட்டம். வேன், பஸ், கார் எல்லாம் ரோடு வரைக்கும் வரிசை. என் வண்டி குடிக்கிற வேகத்தில் இந்த வரிசையில் நின்றால் பொழுது சாய்ந்துவிடும்.

வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு இறங்கி முன்னால் நடந்தேன். வரிசையில் முதலில் இருந்த வேனுக்கு முன்னால் போய் நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். காது சூடானது.

"என் பொண்ணுக்குப் பிரசவ வலி," என்றேன். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. மறுபடி சொன்னேன். இந்த முறை கத்திவிட்டேன். "என் பொண்ணு வண்டில கீறா! வேலூர் போவணும்! கொஞ்சம் வழி வுடுங்க!"

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. வேன்காரர் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் கையைக் காட்டிக் காட்டி ஒதுக்கினார்கள். யாரோ, "அரோகரா!" என்றார்கள். திரும்பி ஓடி வண்டியை உள்ளே கொண்டு வந்தேன்.

நீலச் சட்டைக்காரப் பெண் கன்னோடு ஓடி வந்தாள். நான் மூடியைத் திறந்தேன்.  அவள் பழக்கத்தில் கன்னைப் பக்கவாட்டில் திருப்பி நூல் மாதிரிதான் விட்டாள்.

"அண்ணா, போற வரைக்கும் போடறேன்," என்றாள். அவள் கண்ணும் பின் சீட்டில்தான் இருந்தது. மகள் முனகினாள். அந்த முனகலில் பங்குப் பெண்ணின் கை தன்னை அறியாமல் அழுத்திவிட்டது.

நான் டக் வருவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கொஞ்சம் கொஞ்சமாக முழுசாக அழுத்தினாள். தகரத்தில் தூறல், உடனே குடத்தில் நீர், உடனே அதற்கும் மேல். மெதுவாக மட்டுமே நான் கேட்டிருந்த சத்தங்கள் எல்லாம் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடின.

"போவுதுண்ணா! அண்ணா, போவுது!"

பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நான் டேங்க் வாய்க்கு மேலே மலையைப் பார்த்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. ஆவியாலா என் கண்ணாலா என்று தெரியவில்லை. கடைசியில் டக்கென்று நின்றது. இந்த முறை நிஜமாகவே நிறைந்து நின்றது.

"போங்க, போங்க," என்று அவள் வண்டியின் முதுகில் தட்டினாள்.

போளூர் வழியாக வேலூர் போன அந்தப் பயணம் எனக்கு இப்போது முழுதாக நினைவில் இல்லை. ரோட்டில் கானல் நீர் ஓடிக்கொண்டே இருந்தது, அருகில் போனதும் காணாமல் போனது. மனைவி பின்னால் ஏதோ மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள். முள் அசையாமல் உச்சியில் நின்றது. ஒரு இடத்தில் மகள், "அப்பா, மேடு பாத்து," என்றாள். தனக்காகச் சொன்னாளா, கூட்டுக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. மெதுவாக ஏற்றி இறக்கினேன்.

மத்தியானத்துக்கு மேல் பெண் குழந்தை பிறந்தது. எடை கம்மி. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.  மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வந்து சேர்ந்து சுவரோரம் உட்கார்ந்தார். மகள் படுக்கையிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்று. "மூச்சு விடுதாம்மா?" மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து, மூக்கில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டோம், தானாகவே நன்றாக மூச்சு விடுகிறது என்று சொன்னார். மனைவி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் வண்டி ஞாபகம் வந்தது. மெல்ல இறங்கி வெளியே வந்தேன். ஆஸ்பத்திரி வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமர நிழலில் நின்றிருந்தது. துண்டை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன்.

கூடு அப்படியே இருந்தது. வரி கூடக் கலையவில்லை. ஆனால் குழாயின் வாயை மூடியிருந்த இடத்தில் ஒரு ஓட்டை. பென்சிலால் குத்தியது போல அவ்வளவு வட்டமாக, சுத்தமாக. ஓரத்தில் கொஞ்சம் மண் பொடி. உள்ளேயிருந்து யாரோ கடித்துத் திறந்துகொண்டு போயிருந்தார்கள். சென்னையிலா, வழியிலா, புங்கமரத்தடியிலா, எப்போது என்று தெரியாது. முகத்தைக் கிட்டே கொண்டு போனேன். பெட்ரோல் வாசனை லேசாக அடித்தது.

மனைவி என்னைத் தேடிக்கொண்டு வந்து சக்கரத்தருகே குந்தினாள். அவளுடைய புடவை ஓரம் மட்டும் எனக்குத் தெரிந்தது.

"உடைஞ்சிடுச்சா?"

"இல்ல. உள்ள இருந்தது வெளிய போயிடுச்சி."

புடவை ஓரம் மேலே எழுந்தது.

"போவட்டும்," என்றாள். "பால் வாங்கினு வரேன். அவ எழுந்தா கேப்பா."

அவள் போன பிறகும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. வண்டியின் அடியில் குளிர்ச்சியாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். எங்காவது ரீங்காரம் கேட்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குள் எங்கோ மோட்டார் ஓடியது, அவ்வளவுதான். இரவெல்லாம் தூங்காதவன், அப்படியே கண் அயர்ந்துவிட்டேன்.

யாரோ என் செருப்பைத் தட்டினார்கள். வாட்ச்மேன் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்த, வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க," என்றேன். "சரியாயிடுச்சி."

"அப்ப அடியில இன்னா பண்றீங்க?"

 துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன்.